1.2 லட்சம் கி.மீ. ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்... விலை குறைவுதான், வாங்கலாமா? வலங்கைமானில் இருந்து ஒரு கணக்கு

வலங்கைமானில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் 28 வயது ஐ.டி. ஊழியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணி. போனில் ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. பத்து வயதான டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் செடான். சிவப்பு நிறம். மீட்டரில் 1.2 லட்சம் கி.மீ. கேட்கும் விலை 8 லட்சம் ரூபாய். புதிதாக வந்தபோது இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விற்ற வண்டி.

சேமிப்பில் 6 லட்சம் இருக்கிறது. அப்பாவின் பழைய ஹேட்ச்பேக்கை விற்றால் 2 லட்சம் வரும். 6-ம் 2-ம் எட்டு. கணக்கு சரியா வந்துடுச்சு!

சிக்கலே அங்கேதான். கணக்கு ரொம்ப சரியாக வந்துவிட்டது. கார் வீட்டுக்கு வந்த மறுநாள் கையில் மிச்சம் பூஜ்யம். அந்த ஹேட்ச்பேக்தான் வீட்டின் ஒரே கார். அம்மாவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு அழைத்துப் போவதும் அதில்தான்.

அதிக கிலோமீட்டர் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா, வேண்டாமா? எதைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1.2 லட்சம் கி.மீ. என்பது அதிகமா?

பத்து வருடத்தில் 1.2 லட்சம் என்றால் வருடத்துக்கு 12,000 கி.மீ. ஒரு சாதாரண குடும்பக் கார் ஓடும் தூரம்தான். எண்ணை மட்டும் பார்த்து பயப்பட வேண்டியதில்லை.

எப்படி ஓடியது என்பதுதான் கேள்வி. சென்னை டிராஃபிக்கில் தினமும் 8 கி.மீ. ஊர்ந்த காரைவிட, மாதம் நான்கு முறை நெடுஞ்சாலையில் 300 கி.மீ. போன காரின் இன்ஜின் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், ஆயில் சூடாகும் முன்பே விரட்டும்போதும். நெடுஞ்சாலைப் பயணத்தில் இவை குறைவு.

அதே பத்து வயதில் 35,000 கி.மீ. மட்டும் ஓடிய கார்? கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற காரில் ரப்பர் சீல்கள் காயும், டயர் இறுகும், பிரேக் காலிப்பர் துருப்பிடிக்கும், பேட்டரி போகும். ஆயிலை கிலோமீட்டருக்கு மட்டுமல்ல, காலக்கெடுவுக்கும் மாற்ற வேண்டும். 'கம்மியா ஓடியிருக்கு' என்று அதை மாற்றாமல் விட்டவர்கள் நிறைய பேர்.

எனவே, சர்வீஸ் புத்தகம் முழுமையாக உள்ள 1.2 லட்சம் கி.மீ. காரை, புத்தகமே இல்லாத 40,000 கி.மீ. காரைவிட நம்பலாம்.

மீட்டரை நம்பலாமா?

அதை மட்டும் நம்பக் கூடாது. டிஜிட்டல் மீட்டரையும் கருவி வைத்துக் குறைத்துக் காட்ட முடியும். குறுக்கே சரிபார்க்க சில வழிகள்:

• காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் குறிக்கப்பட்டிருக்கும். உரிமையாளரையும் உடன் அழைத்துச் சென்றால் வேலை சுலபம்.

• ஸ்டீயரிங் வழவழப்பு, டிரைவர் சீட்டின் வலது ஓரம், பிரேக் பெடல் ரப்பர். 40,000 கி.மீ. காரில் இவை தேய்ந்து போயிருந்தால் ஏதோ இடிக்கிறது.

• டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பழைய பில்களோடு இந்தத் தேதி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

• பல ஐரோப்பிய கார்களில் மீட்டரைத் தவிர வேறு கன்ட்ரோல் யூனிட்களிலும் கிலோமீட்டர் பதிவாகும். முழு ஸ்கேன் செய்தால் வித்தியாசம் தெரியும்.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்றால் எது?

ஃபெராரி, லம்போர்கினி பற்றிய பேச்சு அல்ல இது. நம் பழைய கார் சந்தையில் 'ஸ்போர்ட்ஸ்' என்று வருபவை பெரும்பாலும் சாதாரண கார்களின் வேகமான வடிவங்கள்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான உதாரணம் டாடா டியாகோ ஜே.டி.பி. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் 2018 அக்டோபரில் இதை 6.39 லட்சம் ரூபாய் ஷோரூம் விலைக்குக் கொண்டுவந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன். சாதாரண டியாகோ பெட்ரோலில் 85தான். 2020-ல் டாடா, ஜெயமின் பங்கை வாங்கிக்கொண்டது. ஜே.டி.பி. வரிசையும் அந்த ஆண்டோடு முடிந்தது.

2015-ல் வந்த ஃபியட் அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறன். பி.எஸ்.6 விதிகள் வரும் முன்பே ஃபியட் பிராண்டின் விற்பனை இந்தியாவில் நின்றுவிட்டது. 2016-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ-யில் 192 குதிரைத்திறன். 2017-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்-ல் 230. 2020-ல் வந்த அடுத்த ஆர்.எஸ். 245 இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது வெறும் 200 கார்கள். 2016-ல் மஸ்டாங்கைக் கொண்டுவந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலையும் மூடப்பட்டது.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுவான விஷயம் தெரிகிறதா? எல்லாமே குறைவான எண்ணிக்கையில் விற்றவை, அல்லது கம்பெனியே கடையைக் கட்டியவை. சாதாரண மாடலோடு பகிர்ந்துகொள்ளும் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும். அந்த மாடலுக்கென்றே செய்த பம்பர், சஸ்பென்ஷன், டர்போ சார்ந்த பாகம்? ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் கேள்வி, 'இதில் எந்தெந்த பாகம் சாதாரண மாடலுக்கும் பொருந்தும்?' என்பதாக இருக்கட்டும்.

செலவு எங்கிருந்து வரும்?

டர்போ: வேகமாக ஓட்டிவிட்டு உடனே இன்ஜினை அணைக்கும் பழக்கம், தாமதமான ஆயில் மாற்றம் இரண்டும் டர்போவுக்கு எதிரி. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் வரை சந்தேகப்பட வேண்டும்.

கியர்பாக்ஸ்: இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் கூடுதல் கவனம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் கோளாறுகளுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் சுமார் 3.84 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 7 வேக 'உலர் கிளட்ச்' வகை நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். 6 வேக 'ஈர கிளட்ச்' வகைக்கு 60,000 கி.மீ-க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். 1.2 லட்சம் ஓடிய காரில் இரண்டாவது மாற்றத்துக்கான பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் செலவும், அதோடு வரும் ரிஸ்க்கும் உங்கள் தலையில்.

டைமிங் பெல்ட்: அபார்த் புன்டோவின் 1.4 டி-ஜெட் போன்ற பெல்ட் இன்ஜின்களில் குறித்த காலத்தில் இதை மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினைத் திறக்க வேண்டி வரும். 'மாத்திட்டேன் சார்' என்ற வாய்வார்த்தை போதாது, பில் வேண்டும்.

டயர்: 225/40 ஆர்18 என்று எழுதியிருந்தால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவரின் உயரம் 90 மி.மீ. மட்டுமே. குடும்பக் காரின் 185/65 ஆர்15 டயரில் அது 120 மி.மீ. இந்த 30 மி.மீ. வித்தியாசம்தான் பள்ளத்தில் விழும்போது அலாய் வீலைக் காப்பாற்றுவது.

வலங்கைமானில் என்ன தனிக் கணக்கு?

இங்கே உள்ள மெக்கானிக்குகள் திறமையானவர்கள்தான். டிராக்டரில் இருந்து டாடா ஏஸ் வரை பிரித்துப் போட்டு மாட்டுவார்கள். ஆனால், பத்து கன்ட்ரோல் யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் காருக்கு அந்த நிறுவனத்துக்கான ஸ்கேன் கருவியும், அந்த கியர்பாக்ஸைத் திறந்த அனுபவமும் வேண்டும். அதற்கு கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டி, சுமார் 90 கி.மீ. தள்ளியுள்ள திருச்சிக்கோ, 300 கி.மீ. தள்ளியுள்ள சென்னைக்கோ போக வேண்டி வரலாம். கார் ஓடும் நிலையில் இல்லையென்றால் ரெக்கவரி வண்டியில் ஏற்ற வேண்டும். பாகம் வரும்வரை வாரக்கணக்கில் கார் அங்கே, நீங்கள் இங்கே.

சென்னையில் இருப்பவருக்கு 'ரெண்டு நாள் வொர்க்‌ஷாப்' என்பது, டெல்டாவில் இருப்பவருக்கு ஒரு வாரப் பிரச்சினை. காரின் உண்மையான விலையில் இந்தத் தூரத்தையும் சேர்க்க வேண்டும்.

அடுத்தது சாலை. விக்கிரவாண்டி - கும்பகோணம் - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் கார் சந்தோஷமாக ஓடும். அங்கேயும் நான்கு வழிச் சாலைகளில் கார்களுக்கு மத்திய அரசு 2018-ல் நிர்ணயித்த உச்ச வேகம் 100 கி.மீ.தான். ஆனால் தினசரி வாழ்க்கை, வாய்க்கால் கரையோரச் சாலைகளிலும் ஊருக்கு நாலு வேகத்தடைகளிலும். தரை இடைவெளி குறைந்த கார் அடியில் உரசும். எனவே, வாங்கும் முன்பு லிஃப்ட்டில் ஏற்றி ஆயில் சம்ப் அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லும் உளுந்தும் காயும். வைக்கோல் பரப்பியிருந்தால் தாழ்வான காரின் அடியில் அது சிக்கும். சைலன்ஸரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கடும் சூட்டில் இருக்கும்போது, சிக்கிய வைக்கோல் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அந்த மாதிரி இடத்தைக் கடந்ததும் இறங்கி அடியில் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் முழங்கால் தண்ணீர் என்றால் இந்தக் காரை வெளியே எடுக்கவே கூடாது. காற்று உறிஞ்சும் குழாய் தாழ்வாக இருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸில் இப்படி வரும் இன்ஜின் சேதத்துக்கு பொதுவாகப் பணம் கிடைக்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் தேவை. பழைய கார்களுக்கு அதைக் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கியவை துடைத்து, பாலிஷ் போட்டு, வெளியூர் சந்தைக்கு வரலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே மறைந்திருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் மண், ஏசி போட்டதும் பூசண வாடை, விளக்குகளுக்குள் நீர்த்துளி. இதில் இரண்டு இருந்தாலே திரும்பி வந்துவிடலாம்.

இ20 பெட்ரோல் இவற்றுக்கு ஒத்துவருமா?

பெட்ரோலில் 20% எத்தனால் கலக்கும் இலக்கை இந்தியா 2025-ல் எட்டியது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இதற்கேற்ற பாகங்களோடு வந்தன. பத்து வயது கார் அதற்கு முந்தையது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10% கலப்புக்கு ஏற்ப சீரமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7% குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட செயல்திட்ட அறிக்கை சொன்னது. அதைவிட முக்கியம், பழைய எரிபொருள் குழாய்களும் ரப்பர் சீல்களும். வாங்கியதும் மாற்ற வேண்டிய பட்டியலில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேப்பர் வேலையில் கவனிக்க வேண்டியவை

• ஆர்.சி-யில் பெயர் உள்ளவரிடமே வாங்குங்கள். 'ஓனர் கையெழுத்து போட்ட ஃபார்ம் இருக்கு, எப்ப வேணா மாத்திக்கலாம்' என்றால் நகர்ந்துவிடுங்கள். விற்று, பல கை மாறிய காரின் விபத்து இழப்பீட்டுக்கு, பதிவேட்டில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரை உடனே மாற்றுவது இருவருக்கும் பாதுகாப்பு.

• மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் முடிந்திருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். வேறு மாநில கார் என்றால் படிவம் 28. எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி., கடன், இன்ஷூரன்ஸ் விவரங்களைப் பார்க்கலாம். நிலுவை அபராதத்தை இ-சலான் தளத்தில் பார்க்கலாம்.

• டெல்லி கார் விலை குறைவாகத் தெரியும். 10 வயது தாண்டிய டீசல், 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே விதிக்கப்பட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததில் இருந்தே அப்படி. ஆனால், 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாடு எண் வாங்க வேண்டும், சாலை வரியும் கட்ட வேண்டும். அதைச் சேர்த்துப் பார்த்தால் 'சல்லிசு' காணாமல் போகலாம்.

• 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அமலான கட்டணம் சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000 ரூபாய்.

• சத்தமான சைலன்ஸர், இன்ஜின் ரீமேப் செய்த காரா? தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தில் இருந்து மாற்றிய வண்டியைப் பதிவுசெய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. மாற்றங்கள் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் தகராறு தரும்.

• பழைய உரிமையாளரின் 'நோ கிளெய்ம் போனஸ்' உங்களுக்கு வராது. மூன்றாம் நபர் காப்பீடு காரோடு சேர்ந்து வரும். சொந்த சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். 1500 சிசி-க்கு மேற்பட்ட காருக்கு 2022 ஜூனில் அமலான மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய். 1000 முதல் 1500 சிசி வரை 3,416தான்.

8 லட்சம் என்பது உண்மையில் எவ்வளவு?

எரிபொருளை மட்டும் பார்ப்போம். லிட்டருக்கு 10 கி.மீ. தரும் காரில் வருடம் 12,000 கி.மீ. ஓட்டினால் 1,200 லிட்டர். 18 கி.மீ. தரும் ஹேட்ச்பேக்குக்கு 667 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே வருடத்துக்கு சுமார் 53,000 ரூபாய் கூடுதல்.

அதோடு முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியவை: எல்லா ஆயில்களும் ஃபில்டர்களும், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், தேவைப்பட்டால் பெல்ட்டும் நான்கு டயரும். இவை ரிப்பேர் அல்ல, கணக்கை முதலில் இருந்து தொடங்கும் செலவு. உண்மையான ரிப்பேர் அதற்குப் பிறகு.

பாதுகாப்பான ஒரு வழி: கையில் உள்ள மொத்தப் பணத்தில் நாலில் மூன்று பங்குக்குள் காரை முடியுங்கள். மீதி ஒரு பங்கு முதல் வருட ரிப்பேருக்குத் தனியாக இருக்கட்டும். ஒன்றும் ஆகவில்லையென்றால் பணம் உங்களுடையதுதான். இன்னொன்று, பழைய கார் கடனுக்கு வட்டி பொதுவாகப் புதிய கார் கடனைவிட அதிகம். வொர்க்‌ஷாப்பில் நிற்கும் காருக்கும் இ.எம்.ஐ. தேதி தவறாமல் வரும்.

பார்க்கப் போகும் நாளில்...

காலையில் போங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க' என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையோ புகையையோ யாரோ மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். மெதுவாக ஊரும்போது கியர் உதறுகிறதா, வெப்பநிலை முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

பிறகு அந்த பிராண்டில் வேலை தெரிந்த, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காசு கொடுத்துச் சோதனை செய்யுங்கள். முழு ஸ்கேன், கம்ப்ரெஷன் டெஸ்ட், பெயின்ட் தடிமன், லிஃப்ட்டில் அடிப்பகுதி ஆகிய நான்கும் கட்டாயம். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அதுவே ஒரு பதில்தான்.

சரி, வாங்கலாமா?

வாங்கலாம், மூன்று நிபந்தனைகளோடு. சர்வீஸ் பதிவுகள் முழுதாக இருக்க வேண்டும். வாங்கிய பிறகும் கையில் ரிப்பேர் பணம் இருக்க வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருக்க வேண்டும். இதில் எது இல்லையென்றாலும், கிலோமீட்டர் 1.2 லட்சமோ 40,000-மோ, அந்த கார் வேண்டாம்.

நம் வலங்கைமான் இளைஞருக்கு முதல் நிபந்தனை பூர்த்தியாகிறதா என்று இன்னும் தெரியாது. மற்ற இரண்டும் இப்போதைக்கு இல்லை. ஹேட்ச்பேக்கை விற்காமல், 6 லட்சத்தில் நாலரை லட்சத்துக்குள் ஒரு படி கீழே தேடினால், சாதாரண மாடலின் பாகங்களோடு ஓடும் சின்ன டர்போ ஹேட்ச்பேக் ஒன்று அவருக்குப் பொருத்தமாக இருக்கும். அந்தச் சிவப்பு செடான்தான் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு வருடம் சேமிக்கலாம். அதுவரை அம்மாவின் செக்கப் தேதி வரும்போதெல்லாம் வாசலில் பழைய ஹேட்ச்பேக் தயாராக நிற்கும்.